கேளுங்க சொல்றேன்: ஊருக்கே வயசாகுது, யாரு பாத்துக்கறது?

இந்த இதழ்ல முழுக்க முதுமை பத்தின கேள்விங்க மட்டும்தான். போன இதழ்ல அனுப்பச் சொல்லி கேட்டிருந்தோம். வந்ததுல பென்ஷன், தொகுதி, வடக்கத்தி தொழிலாளிங்க, பத்திரம், கல்யாணம்னு எல்லாமே இருக்கு, ஆனா எந்த லெட்டரைப் பிரிச்சாலும் அடியில ஓடறது ஒண்ணுதான், கடைசி காலத்துல யாரு பாத்துக்கறது. பேர் வேணாம்னு நிறைய பேர் கேட்டுக்கிட்டதால யார் பேரும் போடல.

ஜப்பான் கிழவங்க நாடாயிடுச்சுன்னு டிவில காட்டறாங்க. நம்ம ஊர்ல ரோட்ல எறங்கினா இளவட்டம்தான் பைக்ல பறக்குது. நமக்கும் அந்த நிலைமைன்னு சொல்றது சும்மா பயமுறுத்தறதா?
– ரிட்டயர்டு ஆசிரியர், கும்பகோணம்

பயமுறுத்தல் இல்ல சார், பாதி வந்தாச்சு. 2011 சென்சஸ்ல தமிழ்நாட்டுல 60 வயசு தாண்டினவங்க நூத்துக்கு 10 பேர் சொச்சம். அதுக்கப்புறம் மத்திய அரசோட ஜனத்தொகை கணிப்புக் குழு போட்ட கணக்குல 2021ல அது 13.6 சதவீதம், 2031ல 18.2 ஆகும்னு இருக்கு. பெரிய மாநிலங்கள்ல கேரளா மட்டும்தான் நமக்கு முன்னாடி போகுது, அங்க 2031ல 20.9. அதே வருஷம் பீகார்ல 11 பக்கம்தான். பைக்ல பறக்கற பசங்க கண்ணுல படுவாங்க, வீட்டுக்குள்ள கட்டில்ல இருக்கறவங்க கண்ணுல பட மாட்டாங்க, அதான் ரோட்டை வச்சு கணக்குப் போட முடியாது. உங்க ஊரைச் சுத்தி உள்ள கிராமத்துல ஒரு தெரு முழுக்க நடந்து பாருங்க, பெரிய பெரிய வீடா இருக்கும், ஒவ்வொண்ணுலயும் ஒருத்தரோ ரெண்டு பேரோதான் இருப்பாங்க, பிள்ளைங்க சென்னையிலயோ பெங்களூர்லயோ அதுக்கும் தாண்டியோ.

எனக்கு கவலை எண்ணிக்கையில இல்ல, வேகத்துல. பிரான்ஸ்ல 65 வயசு தாண்டினவங்க 7 சதவீதத்துல இருந்து 14 ஆகறதுக்கு 115 வருஷம் ஆச்சு, ஜப்பான்ல அதே மாற்றம் ஏறக்குறைய கால் நூற்றாண்டுல நடந்து முடிஞ்சுது. ஆனா ஜப்பான்காரங்க ஒரு காரியம் பண்ணாங்க, 1961லயே எல்லாருக்கும் பென்ஷன், எல்லாருக்கும் ஹெல்த் இன்சூரன்ஸ்னு சட்டமா கொண்டு வந்துட்டாங்க, அப்போ அங்க 65 தாண்டினவங்க வெறும் 6 சதவீதம் பக்கம்தான். அதாவது ஊரு இளமையா இருக்கும்போதே முதுமைக்கு ஏற்பாடு பண்ணிட்டாங்க. நாம அந்த வயசையெல்லாம் தாண்டி வந்துட்டோம், அந்த மாதிரி எல்லாருக்குமான ஏற்பாட்டை இன்னும் ஆரம்பிக்கல.

பொண்ணுங்க படிச்சு, வேலைக்குப் போய், லேட்டா கல்யாணம் பண்ணி ஒண்ணோட நிறுத்திக்கறதாலதானே இதெல்லாம்? பழையபடி நாலு அஞ்சு பெத்துக்கிட்டா சரியாயிடாதா?
– ஐடி ஊழியர், வயசு 29, சேலம்

தம்பி, இந்தக் கேள்வி இப்போ நிறைய பேரு கேக்கறாங்க, மேடையிலயும் பேசறாங்க, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

நாலு அஞ்சு பெத்த காலத்துல நாலு அஞ்சும் தங்கல. உங்க பாட்டி இருந்தா கேட்டுப் பாருங்க, "பெத்தது ஏழு, நின்னது நாலு"ன்னு சொல்ற பாட்டிங்க இன்னும் இருக்காங்க. 1971 வாக்குல தமிழ்நாட்டுல பொறந்த ஆயிரம் குழந்தைல நூறுக்கு மேல ஒரு வயசு முடியறதுக்குள்ள செத்துப்போச்சு. 2020ல அது 13. பொறந்தது பொழைக்கும்னு நம்பிக்கை வந்தப்புறம்தான் ஜனங்க ரெண்டோட நிறுத்தினாங்க. நம்பிக்கை வந்தது தடுப்பூசியால, ஆரம்ப சுகாதார நிலையத்தால, கிராமத்து நர்ஸம்மாவால, சத்துணவால, பொண்ணுங்க பள்ளிக்கூடம் போனதால. இந்த மண்ணுல கர்ப்பத்தடைய பொம்பளைங்க விடுதலையோட சேத்துப் பேசினது 1930கள்லயே நடந்துது, பெரியார் பேசினாரு. 1950கள்ல சென்னை மாகாண தலைமைச் செயலரா இருந்த ஆர்.ஏ. கோபாலசாமி, ஆம்பளைங்களுக்கு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ற திட்டத்தை அரசாங்கத்துக்குள்ள முன்னால நின்னு தள்ளினாரு. இதெல்லாம் சேந்துதான் இன்னைக்கு ஒரு பொண்ணுக்கு சராசரியா 1.4 குழந்தைங்கற எடத்துக்கு 2020லயே வந்து நிக்கறோம். ஜனத்தொகை அப்படியே நிக்கணும்னா 2.1 வேணும்.

சரி, இப்போ திருப்பி கூட்டிடலாமான்னா, தென்கொரியாவைப் பாருங்க, பதினஞ்சு வருஷத்துக்கு மேல கோடி கோடியா கொட்டினாங்க, குழந்தைக்கு காசு, லீவு, வீட்டுக்கடன்னு என்னென்னமோ குடுத்தாங்க, 2023ல அங்க 0.72. ஒரு தடவை எறங்கினது பெருசா ஏறல. இன்னொண்ணும் இருக்கு. 2060ல 60 தாண்டி இருக்கப்போறவங்க எல்லாருமே ஏற்கெனவே பொறந்து வளந்து ஆளானவங்க, கணக்கு பாருங்க, நீங்களும் அதுல ஒருத்தர். இன்னைக்கு பொறக்கற குழந்தை சம்பாதிக்க இருபது வருஷத்துக்கு மேல ஆகும், அதுவரைக்கும் அதையும் பாத்துக்கணும் கிழவங்களையும் பாத்துக்கணும், ரெண்டையும் பாத்துக்கறது அதே பொண்ணு.

ரெண்டாவது குழந்தை வேணும்னு ஆசை இருந்தும் நிறுத்தற ஜோடிங்க இருக்காங்க. எல்கேஜிக்கே ஃபீஸ் கட்ட முடியல, வாடகை வீட்டுல ஒரே ரூம், பிரசவ லீவு முடிஞ்சா குழந்தையை விட எடமில்ல. அவங்களுக்கு அரசாங்கம் ஊருக்கு ஊரு குழந்தை காப்பகம் திறந்தா நான் கை தட்டுவேன். ஆனா வயித்தை காட்டி பொண்ணுங்களை குத்தம் சொல்றதை தயவுசெஞ்சு விடுங்க.

மாமியாருக்கு 81 வயசு, ஸ்ட்ரோக் வந்து ரெண்டு வருஷமா படுக்கை. நான் ஒரு தனியார் ஸ்கூல்ல டீச்சர். வீட்டுக்காரரும் நாத்தனாரும் வேலைய விட்டுடுன்னு சொல்றாங்க. விட மனசு வரல. நான் கெட்டவளா?
– இல்லத்தரசி ஆகச் சொல்றாங்க, வயசு 47, மதுரை

இல்லம்மா. இந்த இதழ்ல வேற எதையும் படிக்காட்டியும் பரவால்ல, இந்த பதிலை உங்க வீட்டுக்காரரை படிக்கச் சொல்லுங்க.

படுக்கையில இருக்கறவங்களை பாத்துக்கறதுன்னா என்னன்னு பக்கத்துல நின்னு பாக்காதவங்களுக்கு தெரியாது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பொரட்டி படுக்க வைக்கணும், இல்லேன்னா இடுப்புலயும் குதிகால்லயும் புண்ணு வந்துடும், ஒரு தடவை வந்தா மாசக்கணக்குல ஆறாது. டயாபர் மாத்தணும், தொடைச்சு பவுடர் போடணும். கஞ்சிய தலையைத் தூக்கி வச்சு ஸ்பூன் ஸ்பூனா ஊட்டணும், அவசரப்பட்டா பொரை ஏறி நெஞ்சுல சளி கட்டிக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு கூப்புடுவாங்க, காலைல ஏழு மணிக்கு நீங்க ஸ்கூலுக்கு கெளம்பணும். ஆஸ்பத்திரியில இதையே செய்யறவங்களுக்கு ஷிஃப்ட் உண்டு, சம்பளம் உண்டு, வார லீவு உண்டு. வீட்டுல செய்யற மருமகளுக்கு "கடமை"ன்னு பேரு மட்டும்தான் உண்டு.

வேலைய விடறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு பாருங்க. 47ல விட்டா திரும்ப உள்ள போறது கஷ்டம், பிஎஃப் நின்னுடும். தொடர்ச்சியா அஞ்சு வருஷம் முடிச்சிருந்தா தனியார் ஸ்கூல் டீச்சருக்கும் கிராஜுவிட்டி உண்டு, 2022ல சுப்ரீம் கோர்ட்டே அதை உறுதி பண்ணிடுச்சு, அதை விட்டுடாதீங்க. இதைவிட பெரிய கணக்கு ஒண்ணு இருக்கு. இந்தியாவுல 60 வயசை தொட்ட ஆம்பளை சராசரியா இன்னும் 17.5 வருஷம் இருக்காரு, பொம்பளை 19 வருஷம், 2023ல ஐநா மக்கள்தொகை நிதியம் வெளியிட்ட இந்திய முதுமை அறிக்கையில இது இருக்கு. வீட்டுக்காரரு பெரும்பாலும் நாலஞ்சு வயசு மூத்தவரா வேற இருப்பாரு. அப்போ மாமியாரை பாத்து, மாமனாரை பாத்து, புருஷனை பாத்து முடிச்சுட்டு கடைசியில தனியா நிக்கறது யாரு? கையில காசு இல்லாம நிக்கறது யாரு? உங்க சம்பளம் அந்த நாளுக்கு வேணும்.

உடனே செய்ய முடிஞ்சது சொல்றேன். மொதல்ல நாத்தனாரையும் வீட்டுக்காரரையும் உக்கார வச்சு நேரத்தை பிரிங்க, ராத்திரி முறை ஆம்பளைக்கு, ஞாயித்துக்கிழமை நாத்தனாருக்குன்னு பேப்பர்ல எழுதி சுவத்துல ஒட்டுங்க, வாய் வார்த்தையா விட்டா திரும்ப உங்க தலையிலதான் வந்து விழும். ரெண்டாவது, மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்சது, பிபி சுகர் மாத்திரை மட்டுமில்ல, படுக்கையில இருக்கறவங்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் நோவு தணிக்கிற சிகிச்சையும் குடுக்கறதும் அதுல சேத்திதான். பக்கத்துல இருக்கற அரசு நகர்ப்புற சுகாதார நிலையத்துல போய் பேர் குடுங்க, இல்லேன்னா 104க்கு போன் பண்ணி கேளுங்க. மூணாவது, பகல் நேரத்துக்கு ஒரு ஆளு. ஏஜென்சி மூலமா வர்ற அட்டெண்டர்ல பல பேருக்கு பயிற்சியே இருக்காது, அதனால மொத ஒரு வாரம் நீங்களோ நர்ஸோ கூட இருந்து பொரட்டறது, ஊட்டறதெல்லாம் காட்டிக் குடுங்க. அந்தப் பொண்ணும் தன் வீட்டுல ஒரு கெழவியை விட்டுட்டுதான் உங்க வீட்டுக்கு வந்திருப்பா, அதையும் மனசுல வச்சு சம்பளம் பேசுங்க.

இப்போ அரசாங்கத்துக்கு. ஜப்பான்ல 2000ல பராமரிப்பு இன்சூரன்ஸ்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. 40 வயசு ஆனா எல்லாரும் பிரீமியம் கட்டணும், பாதி பணம் வரியில இருந்து, பாதி பிரீமியத்துல இருந்து. முதியவருக்கு எவ்வளவு உதவி தேவைன்னு ஆளு வந்து பாத்து லெவல் போடுவாங்க, அந்த லெவலுக்கு ஏத்த மாதிரி குளிப்பாட்ட ஆளு, பகல் நேர மையம், கட்டில், சக்கர நாற்காலின்னு வரும், குடும்பம் குடுக்க வேண்டியது பெரும்பாலும் பத்துல ஒரு பங்கு. ஜெர்மனில 1995லயே ஆரம்பிச்சாச்சு, அங்க இன்னும் ஒரு படி மேல, வீட்டுல மகளோ மருமகளோ பாத்துக்கிட்டா குடும்பத்துக்கு மாசாமாசம் பணம், அவங்க பேருல பென்ஷன் கணக்குலயும் கட்டுவாங்க. பாத்துக்கறதை வேலைன்னு ஒத்துக்கிட்ட நாடு அது. பணக்கார நாட்டு கதைன்னு ஒதுக்கிடாதீங்க, பக்கத்துல கேரளா இருக்கு, 1993ல கோழிக்கோட்டுல ஒரு சின்ன அமைப்பா ஆரம்பிச்ச நோவு தணிப்பு சிகிச்சை, 2008ல மாநில கொள்கையாவே ஆச்சு. ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் வீட்டுக்கு வர்ற நர்ஸ், கூடவே அக்கம்பக்கத்து வாலண்டியருங்க, ரிட்டயர் ஆனவங்க, காலேஜ் பசங்க. தமிழ்நாட்டுக்கு சத்துணவு நடத்தத் தெரியும், ரேஷன் நடத்தத் தெரியும், வீடு வீடா நர்ஸை அனுப்பத் தெரியும். ஒவ்வொரு வார்டுலயும் ஒரு பகல் நேர முதியோர் மையம், பயிற்சி குடுத்த சம்பள ஆளு, இதை நடத்த முடியாதுன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன். சென்னை கிண்டியில 200 படுக்கையோட முதியோருக்குன்னே ஆஸ்பத்திரி 2024ல திறந்தாங்க, ரொம்ப நல்ல காரியம், ஆனா உங்க மாமியாருக்கு மதுரையில உங்க தெருவுலதான் உதவி வேணும்.

பாட்டிக்கு ஓஏபி (முதியோர் பென்ஷன்) பணம் 1200 வருது. ஒவ்வொரு மாசமும் மெஷின்ல ரேகை விழ மாட்டேங்குதுன்னு அலைய விடறாங்க. என்ன பண்றது?
– காலேஜ் மாணவி, விழுப்புரம் மாவட்டம்

இதை நான் நேர்ல பாத்திருக்கேன்மா. மாச ஆரம்பத்துல பேங்க் சார்பா கையில சின்ன மெஷினோட ஒருத்தர் வருவாரு, கோவில் மண்டபத்துலயோ வேப்பமரத்தடியிலயோ உக்காருவாரு, காலைல இருந்து பாட்டிங்க வரிசையில. நாத்து நட்டு, களை பறிச்சு, செங்கல் தூக்கி, பாத்திரம் தேச்சு அந்த விரல்ல ரேகையே இருக்காது. கட்டை விரல் வைப்பாங்க, விழாது, முந்தானையில தொடைச்சுட்டு வைப்பாங்க, விழாது, எண்ணெய் தடவி வைப்பாங்க, அடுத்த விரல், அடுத்த விரல். உழைச்சு தேஞ்ச விரல்ங்கறதாலயே உழைச்சதுக்கான பணம் கைக்கு வரல, இதைவிட அநியாயம் எனக்கு தெரியல.

பக்கத்து ஆதார் மையத்துல பத்து விரலும் கண்ணும் புதுசா பதிவு பண்ணிடுங்க, கண் கருவிழி வச்சு சரி பாக்கற மெஷின் இருக்கான்னு கேளுங்க. அதுவும் ஆகலேன்னா பேங்க் கிளைக்கே கூட்டிட்டுப் போய் பாஸ்புக் காட்டி எடுக்கலாம், மாட்டேன்னா தாலுகா ஆபீஸ்ல சமூக பாதுகாப்பு தாசில்தார்கிட்ட எழுதிக் குடுங்க.

இந்த 1200ல மத்திய அரசு பங்கு எவ்வளவுன்னு தெரியுமா, 60ல இருந்து 79 வயசு வரைக்கும் 200 ரூபா, 80 தாண்டினா 500. மிச்சம் மாநிலம் போடுது. அந்த 200 எத்தனையோ வருஷமா அப்படியே நிக்குது, இதுக்குள்ள கேஸ் சிலிண்டர் விலை எங்க போச்சுன்னு உங்களுக்கே தெரியும். தமிழ்நாட்டுல 1962லயே முதியோர் பென்ஷன் ஆரம்பிச்சுட்டாங்க, அப்போ மாசம் 20 ரூபா. நாட்டுல பெரும்பாலான ஜனங்க பிஎஃப்போ பென்ஷனோ இல்லாத வேலையிலதான் வாழ்நாள் முழுக்க இருக்காங்க, அவங்களுக்கு ரிட்டயர்மெண்ட்னு ஒண்ணே கிடையாது, உடம்பு விழற அன்னைக்குதான் வேலை நிக்கும். நூறு நாள் வேலைல மண்ணு வெட்ட வர்றவங்கள்ல எத்தனை பேரு 60 தாண்டின பொம்பளைங்கன்னு போய் பாத்தாலே புரியும்.

எங்க யூனிட்ல பாதிக்கு மேல ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆளுங்க. சொந்தக்காரங்களே என்னை திட்டறாங்க, நம்ம ஆளுங்க பொழப்பு போகுதுன்னு.
– பனியன் கம்பெனி நடத்துபவர், திருப்பூர்

திட்டறவங்க வீட்டுல எத்தனை பிள்ளைங்க, அதுல எத்தனை பேரை தையல் மெஷின்ல உக்கார வைக்க தயாருன்னு கேளுங்க. இருக்கற ஒண்ணு ரெண்டும் இன்ஜினியரிங் படிக்குது. 2019–21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேல பீகார்ல ஒரு பொண்ணுக்கு 3 குழந்தை, நமக்கு 1.8 (மேல சொன்ன 1.4 வேற கணக்கெடுப்புல வந்தது). இளவட்டம் இருக்கற எடத்துல இருந்து இல்லாத எடத்துக்கு ஆள் வர்றது தண்ணி பள்ளத்துக்கு ஓடற மாதிரிதான். நம்ம நர்ஸுங்களை ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் அரசாங்கத்தோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே பாஷை சொல்லிக் குடுத்து அனுப்புது, அதுவும் இதே காரணத்துக்குதான்.

2023 மார்ச்ல பீகார் தொழிலாளிங்களை இங்க அடிக்கறாங்கன்னு பொய் வீடியோ பரவி, பீகார்ல இருந்து அதிகாரிங்க குழுவே வந்து பாத்துட்டுப் போச்சு, ஞாபகம் இருக்கும். அந்த ரெண்டு வாரம் ஆர்டரை வச்சுக்கிட்டு தூக்கம் இல்லாம இருந்த முதலாளிங்க உங்க ஊர்லயே இருக்காங்க. இன்னும் கொஞ்ச வருஷத்துல பீகார்லயும் குழந்தை குறையும், குறைஞ்சுக்கிட்டுதான் இருக்கு, அப்போ அவங்களை கூப்பிட கர்நாடகாவும் குஜராத்தும் போட்டிக்கு நிக்கும். தகர ஷெட்டுல பத்து பேரை அடைச்சு வைக்காம நல்ல ரூம், பிஎஃப், ஈஎஸ்ஐ, அவங்க குழந்தைக்கு பக்கத்து அரசு பள்ளியில எடம்னு இப்பவே செஞ்சு குடுக்கற ஊர்லதான் அவங்க தங்குவாங்க.

ஜனத்தொகையை கட்டுப்படுத்தினதுக்கு தண்டனையா எம்.பி. சீட்டு குறையும்ங்கறாங்களே, நெசமா?
– சட்டக்கல்லூரி மாணவர், ஈரோடு

எந்த மாநிலத்துக்கு எத்தனை லோக்சபா சீட்டுங்கற பங்கீடு 1971 சென்சஸ் கணக்குல நிக்குது. 1976ல 42வது திருத்தம் போட்டு உறைய வச்சாங்க, அப்புறம் 84வது திருத்தம் வந்து 2026க்கு அப்புறம் எடுக்கற மொத சென்சஸ் வரைக்கும்னு நீட்டிச்சாங்க. 1971ல தமிழ்நாடு 4.12 கோடி, ராஜஸ்தான் 2.58 கோடி. 2011ல நாம 7.21, அவங்க 6.85. நாம ரெண்டு மடங்கு கூட ஆகல, அவங்க ரெண்டரை மடங்கு தாண்டிட்டாங்க. வெறும் தலையை எண்ணி பங்கு போட்டா நம்ம குரல் சுருங்கும், அதுல சந்தேகமே இல்ல. பணத்துலயும் அதே கதை, மத்திய வரிப்பணத்தை மாநிலங்களுக்கு எப்படி பிரிக்கணும்னு சொல்ற 15வது நிதிக்குழு 1971 கணக்கை விட்டுட்டு 2011 ஜனத்தொகையை எடுத்துக்கிச்சு, அதை சரிக்கட்ட குழந்தை பிறப்பை குறைச்ச மாநிலத்துக்கு 12.5 சதவீத வெயிட்டேஜ்னு தனியா வச்சுது. சீட்டு பங்கீட்டுலயும் அந்த மாதிரி ஒரு நியாயம் வேணும்னு கேக்கறதுல தப்பே இல்ல.

ஆனா எனக்கு ஒரு வருத்தம் இருக்கு. 2024 அக்டோபர்ல முதல்வரா ஸ்டாலின் ஒரு கூட்டுக் கல்யாண மேடையில பதினாறு பிள்ளை ஏன் பெத்துக்கக் கூடாதுன்னு இந்த சீட்டு விஷயத்தை வச்சுதான் பேசினாரு. அதே மாசம் ஆந்திராவுல சந்திரபாபு நாயுடுவும் நிறைய பெத்துக்கச் சொன்னாரு, ரெண்டு குழந்தைக்கு மேல இருந்தா உள்ளாட்சி தேர்தல்ல நிக்கக்கூடாதுங்கற பழைய சட்டத்தையும் அங்க எடுத்துட்டாங்க. எம்.பி. சீட்டுக்காக பிள்ளை பெத்துக்கற பொம்பளை எந்த ஊர்லயும் இல்ல. 85 தாண்டினவங்க வீட்டுல இருந்தே ஓட்டுப் போட 2024 தேர்தல்ல வசதி பண்ணிக் குடுத்தாங்க, ஓட்டுப் பெட்டி வீடு தேடி வருது. அந்த வீட்டுக்கே மாசம் ஒரு தடவை நர்ஸும் வரணும்னு கேக்கற கட்சி எதுன்னு நீங்க வக்கீலானப்புறம் கேளுங்க.

அமெரிக்காவுல இருக்கேன். அப்பா அம்மாவை கோயம்புத்தூர் பக்கம் இருக்கற சீனியர் லிவிங்ல சேக்கலாமா?
– வாசகி, டல்லாஸ்

அவங்களுக்கு விருப்பம்னா தாராளமா. சேக்கறதுக்கு முன்னாடி ஒரு மாசம் வாடகைக்கு இருந்து பாக்கச் சொல்லுங்க. படுக்கையில விழுந்தா அங்கயே வச்சு பாப்பாங்களா இல்ல கூட்டிட்டுப் போங்கம்பாங்களா, ஒருத்தர் போயிட்டா மத்தவர் அதே வீட்டுல இருக்கலாமா, டெபாசிட் எப்போ திரும்பும், மூணையும் எழுத்துல வாங்குங்க.

அம்மா இறந்து நாலு வருஷம். அப்பாவுக்கு 66, அரசு வேலைல இருந்து ரிட்டயர் ஆனவர். தன்னோட வாக்கிங் வர்ற ஒரு விதவை அம்மாவை கல்யாணம் பண்ணிக்கணும்ங்கறார். தங்கச்சி அழறா, சொந்தத்துல சிரிக்கறாங்க.
– வங்கி ஊழியர், சென்னை

திருக்கடையூர் போனீங்கன்னா அறுபதாம் கல்யாணம், எழுபதுக்கு பீமரத சாந்தி, எண்பதுக்கு சதாபிஷேகம்னு வரிசையா ஹோம குண்டம் எரிஞ்சுக்கிட்டே இருக்கும், பேரன் பேத்தி சூழ மாலை மாத்தி போட்டோ எடுத்துக்கறோம், ஊரே கும்புடுது. அந்த வயசுல ஜோடியா இருக்கறது அவ்வளவு மங்களம்னா, துணை போனவங்க மட்டும் ஏன் தனியா மோட்டுவளையை பாத்துக்கிட்டு கெடக்கணும்? உங்க அப்பாவுக்கு இன்னும் பதினஞ்சு இருபது வருஷம் இருக்கலாம். நீங்க சாயந்தரம் ஏழு மணிக்கு போன்ல "சாப்டீங்களாப்பா"ன்னு கேக்கறது அன்புதான், ஆனா எதிர்ல உக்காந்து சாப்பிட ஒரு ஆளு வேணும்ங்கறது வேற தேவை.

ஒண்ணு மட்டும், அந்த அம்மா சம்பளம் இல்லாத நர்ஸா வரலன்னு அப்பாகிட்ட பேசி தெளிவு படுத்திக்குங்க, அது அவங்களுக்கு செய்யற மரியாதை. தங்கச்சி அழறது அம்மா ஞாபகத்துலன்னா டைம் குடுங்க. சொத்து பயம்னா நேராவே பேசிடலாம். சட்டப்படி ரெண்டாவதா வர்ற மனைவிக்கும் பிள்ளைங்களுக்கு சமமா வாரிசு உரிமை உண்டு, அரசு பென்ஷன்காரர் ரிட்டயர் ஆனப்புறம் கல்யாணம் பண்ணாலும் மனைவிக்கு குடும்ப பென்ஷன் உண்டுன்னு சுப்ரீம் கோர்ட் 1989லயே சொல்லிடுச்சு. அப்பா சுயமா சம்பாதிச்ச சொத்துக்கு தெளிவா உயில் எழுதட்டும், கல்யாணத்தை பதிவு பண்ணி பென்ஷன் ஆபீஸ்ல பேர் சேக்கட்டும். நீங்க போய் முன்னாடி நில்லுங்க, சிரிக்கறவங்க வாய் தானா அடங்கும்.

ஒரே பையன். வீட்டை இப்பவே எழுதிக் குடுங்க, லோன் வாங்கணும்னு கேக்கறான். மருமகளும் தங்கமான பொண்ணுதான். எழுதிக் குடுக்கலாமா?
– விவசாயி, வயசு 72, கரூர் மாவட்டம்

ஐயா, பையன் நல்லவனாவே இருக்கட்டும், அவனுக்கு கடன் முத்தி பேங்க் வந்து வீட்டுல நோட்டீஸ் ஒட்டினா அப்போ நீங்க எங்க போவீங்க? அதனால நல்லவன் கெட்டவன்ங்கற பேச்சே வேணாம்.

உயில் எழுதினா நீங்க இருக்கற வரைக்கும் வீடு உங்க பேருலதான், மனசு மாறினா மாத்தியும் எழுதலாம். தானசெட்டில்மெண்ட் எழுதினா அன்னைக்கே கை மாறிடும். எழுதித்தான் ஆகணும்னா, நீங்களும் உங்க வீட்டம்மாவும் ஆயுசு வரைக்கும் அந்த வீட்டுல குடியிருக்கற உரிமைய உங்களுக்கே வச்சுக்கிட்டதாவும், சோறு, மருந்து, பராமரிப்பு எல்லாம் பையன் பாத்துக்கணும்ங்கற நிபந்தனையோடதான் குடுக்கறீங்கன்னும் பத்திரத்துல வரியா எழுதச் சொல்லுங்க. 2007ல வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டத்துல 23வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, பாத்துக்குவாங்கங்கற நிபந்தனையில எழுதிக் குடுத்துட்டு பாத்துக்கலேன்னா அந்தப் பத்திரத்தையே ரத்து பண்ணலாம். அந்த வரி பத்திரத்துல இருந்தே ஆகணும்னு 2022ல சுப்ரீம் கோர்ட் ஒரு கேஸ்ல சொல்லுச்சு, அப்புறம் 2025ல, வயசானவங்களை காப்பாத்த வந்த சட்டம் இது, தாராளமா பாக்கணும்னு இன்னொரு தீர்ப்பு. அதே வருஷம் மெட்ராஸ் ஹைகோர்ட்டும், அன்பும் பாசமும் காரணமா எழுதிக் குடுத்தாலே அதுக்குள்ள அந்த நிபந்தனை அடங்கியிருக்குன்னு சொல்லியிருக்கு. தீர்ப்பு நமக்கு சாதகமா போகுது, ஆனாலும் 75 வயசுல கோர்ட் படி ஏறி நிரூபிக்கறதைவிட இன்னைக்கு ஒரு வரி எழுதறது சுலபம்.

ஏற்கெனவே எழுதிக் குடுத்துட்டு கஷ்டப்படறவங்க இதைப் படிச்சா, ஆர்டிஓ ஆபீஸ்ல (வண்டி லைசென்ஸ் ஆபீஸ் இல்ல, வருவாய் கோட்டாட்சியர் ஆபீஸ்) வெள்ளைப் பேப்பர்ல மனு குடுக்கலாம், இந்த சட்டத்துக்கான தீர்ப்பாயம் அங்கதான் இருக்கு, மாசம் 10,000 ரூபா வரைக்கும் பராமரிப்புத் தொகையும் கேக்கலாம். வழி தெரியலேன்னா 14567, முதியோருக்கான இலவச ஹெல்ப்லைன்.

உங்க விஷயத்துல, பையனுக்கு லோன்தான் தேவைன்னா வீட்டை மாத்தாமலே ஏதாவது வழி இருக்கான்னு பேங்க் மேனேஜர்கிட்ட ரெண்டு பேருமா போய் கேளுங்க, ஆனா ஜாமீன் கையெழுத்துன்னு உங்ககிட்ட எதையும் நீட்டினா அங்கயே போடாதீங்க. பதிவு ஆபீஸ் போற அன்னைக்கு கண்ணாடிய மறக்காம எடுத்துட்டுப் போங்க, பத்திரத்தை நீங்களே முழுசா படிச்சு முடிச்சப்புறம் ரேகை வைங்க, வீட்டம்மாவையும் பக்கத்துல உக்கார வச்சு சத்தமா படிங்க.